ஜிம்மி ஹியூகாவின் ஆறு வருட ஓய்வு

1970-ல் ஜிம்மி ஹியூகா என்ற அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரருக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்தான் என்று மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆறு வருடத்துக்கு முன்புதான் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வாங்கியிருந்தார். அந்தக் காலத்தில் இந்த நோய்க்காரர்கள் எல்லோருக்கும் கிடைத்த ஆலோசனைதான் அவருக்கும் கிடைத்தது: உடம்பை அலட்டிக்கொள்ளக் கூடாது, ஓய்வில் இருக்க வேண்டும், இருக்கிற தெம்பைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அவரும் அப்படியே இருந்தார், கிட்டத்தட்ட ஆறு வருடம். நோய் நின்றுவிடவில்லை. உடம்பும் மனசும் நாளுக்கு நாள் சரிந்தன. அதன்பிறகுதான் அவர் அந்த ஆலோசனையை ஓரமாக வைத்துவிட்டு சைக்கிள் ஓட்டவும், நீந்தவும், தசைகளை நீட்டி மடக்கவும் ஆரம்பித்தார்.

நான் பிசியோதெரபிஸ்ட். நரம்பு நோயாளிகளோடுதான் என் பெரும்பாலான நேரம் போகிறது. ஹியூகாவின் வாழ்க்கையை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நோயில் இரண்டு சேதக் கணக்குகள் உண்டு. நோய் எதிர்ப்பு மண்டலம் நரம்புக்குச் செய்யும் சேதம் ஒன்று. படுக்கை உடம்புக்குச் செய்யும் சேதம் இன்னொன்று. நாம் இரண்டையும் ஒரே நோட்டில் எழுதி, மொத்தப் பழியையும் நோய் மேலேயே போட்டுவிடுகிறோம். ஹியூகாவின் வாழ்க்கையில் இந்த இரண்டு கணக்கும் பிரிந்து தெரிகின்றன. முதலில் ஓய்வு, பிறகு பயிற்சி என்று இரண்டையும் அடுத்தடுத்து வாழ்ந்து பார்த்தவர் அவர்.

நோய்க்கு முன்பும் நோய் வந்தபோதும்

ஹியூகா 1943-ல் பிறந்தவர். கலிபோர்னியாவின் ஸ்குவா வேலி மலைப்பகுதியில் வளர்ந்தார். அப்பா பாஸ்க் இனத்தைச் சேர்ந்த குடியேறி. பனிமலையில் ஆட்களை மேலே ஏற்றும் லிப்ட்டை இயக்குவது அவருடைய வேலை. பையன் பதினைந்து வயதிலேயே அமெரிக்க அணிக்குள் வந்துவிட்டான்.

1964 பிப்ரவரி 8, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக் நகரக் குளிர்கால ஒலிம்பிக்கில் ஆண்கள் ஸ்லாலம் பந்தயம். தங்கம் ஆஸ்திரியாவின் பெப்பி ஸ்டீக்லருக்கு, வெள்ளி அமெரிக்காவின் பில்லி கிட்டுக்கு, வெண்கலம் ஹியூகாவுக்கு. மூன்று பேருக்கும் நடுவே அரை வினாடி வித்தியாசம்கூட இல்லை. அதுவரை ஆல்பைன் பனிச்சறுக்கில் அமெரிக்க ஆண்கள் யாரும் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியதில்லை. அன்றைக்கு ஒரே பந்தயத்தில் இரண்டு கிடைத்தன. ஸ்டீக்லரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறார்.

ஸ்லாலம் எப்படிப்பட்ட பந்தயம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். முழங்காலை மடக்கி, தொடைத் தசையை முறுக்கிப் பிடித்தபடி, நெருக்கமாக நட்ட கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒரு நிமிடம் இறங்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் தொடைத் தசை தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை அவசர அவசரமாக எரிக்கிறது. இறங்கி முடித்தபின் இதயமும் நுரையீரலும் அந்தக் கடனை ஆக்சிஜனால் அடைக்கின்றன. இரண்டையும் வருடக்கணக்காகச் செய்து பழகிய உடம்பில் தசை பெரிதாக இருக்கும், தசைக்குள் எரிசக்தி தயாரிக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா நிறைய இருக்கும், சாப்பிட்ட சர்க்கரை ரத்தத்தில் தங்காமல் தசைக்குள் போய்விடும். ஹியூகா நோய்க்குள் நுழைந்தது அப்படிப்பட்ட உடம்போடு.

முதல் அறிகுறிகள் 1967-ல் தெரிந்தன. நோயின் பெயர் தெரியாமலேயே அடுத்த வருடம் கிரெனோபிள் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு ஸ்லாலத்தில் 7-ஆம் இடம், ராட்சத ஸ்லாலத்தில் 10-ஆம் இடம் பிடித்தார். மத்திய நரம்பு மண்டலத்தில் நோய் வேலையைத் தொடங்கிவிட்ட பிறகும் உலகத்தின் முதல் பத்துப் பேருக்குள் அவரால் இறங்க முடிந்தது. நோய் இருப்பதும் உடம்பு முடங்குவதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் என்ன நடக்கிறது? மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு, மின்கம்பிக்கு ரப்பர் உறை போல. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்த உறையைத் தாக்குகின்றன. உறை போன இடத்தில் சமிக்ஞை தடுமாறும். கண் மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். இதற்குள்ளே ஒரு எரிசக்திப் பிரச்சினையும் ஒளிந்திருக்கிறது. உறை இருந்தால் சமிக்ஞை தாவித் தாவிப் போகும், செலவு குறைவு. உறை போன நரம்பிழையில் சோடியம் அதிகமாக உள்ளே நுழைகிறது, அதை வெளியே தள்ளும் பம்ப் ஓயாமல் ஓட வேண்டியிருக்கிறது, அதற்கு ஏ.டி.பி. என்ற செல்லின் எரிபொருளைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஏ.டி.பி.யைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் நோயால் சேதப்பட்டிருக்கும். ஆக இது ஆரம்பத்திலிருந்தே ஒரு வளர்சிதை மாற்ற நெருக்கடியும்கூட.

ஓய்வு என்ற மருந்துச் சீட்டு எங்கிருந்து வந்தது?

இதற்கு 1890-க்குப் போக வேண்டும். வில்ஹெல்ம் ஊட்டோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இந்த நோயாளிகளிடம் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கொஞ்ச நேரம் உடற்பயிற்சி செய்தால் சிலருக்குப் பார்வை மங்கியது, ஓய்வெடுத்தால் திரும்பியது. உடல் உழைப்புதான் காரணம் என்று அவர் எழுதினார்.

அவர் பார்த்தது சரி. காரணம்தான் வேறு. உடம்புச் சூடு ஏறுவதுதான் விஷயம் என்று பிறகு தெரிந்தது. உறை இழந்த நரம்பிழை சமிக்ஞையைக் கடத்துவதே நூலிழையில்தான். உடம்பின் உள்வெப்பம் அரை டிகிரி ஏறினாலே அது தடுமாறிவிடலாம். வெந்நீர்க் குளியல், காய்ச்சல், உச்சி வெயில் எல்லாமே அதைச் செய்யும். இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க, ஆளை வெந்நீர்த் தொட்டியில் இறக்கிச் சோதிக்கும் முறைகூடப் பல வருடம் நடைமுறையில் இருந்தது. சூடு இறங்கினால் அறிகுறி போய்விடும். புதிதாக நரம்பு எதுவும் சேதமாவதில்லை.

ஆனால் நோயாளியின் பக்கத்தில் நிற்பவருக்கு இது தெரியாது. நடந்தார், கண் மங்கியது. படுத்தார், சரியானது. யாராக இருந்தாலும் படுக்கச் சொல்லத்தான் தோன்றும். போதாக்குறைக்கு இந்த நோயில் பெரும்பாலானோரை வாட்டுவது சோர்வு. வேலை செய்யாமலே அசந்துபோகும் சோர்வு அது. சோர்ந்தவரை ஓடச் சொல்ல எந்த மருத்துவருக்கு மனசு வரும்? நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனாலும் சூட்டைப் பற்றிய ஒரு கவனிப்பை உழைப்புக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஏறக்குறைய நூறு வருடம் நோயாளிகளைப் படுக்க வைத்தது எனக்கு இன்றும் தாங்க முடியாத வருத்தம்.

ஏனென்றால், படுக்கை என்ன செய்யும் என்பது ஹியூகாவுக்கு நோய் உறுதியாவதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1966-ல் அமெரிக்காவின் டல்லஸில் ஒரு சோதனை நடந்தது. நோய் நொடி இல்லாத ஐந்து இளைஞர்கள், எல்லோருக்கும் 20 வயது. மூன்று வாரம் முழுப் படுக்கை. முடிவில் அவர்கள் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால்பங்குக்கு மேல் விழுந்திருந்தது. அதே ஐந்து பேரை முப்பது வருடம் கழித்து, 50 வயதில் மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம்.

இளைஞர்களுக்கு மூன்று வாரத்துக்கே இந்த நிலை. ஹியூகாவுக்குச் சொன்னதோ காலவரையறை இல்லாத ஓய்வு.

ஓய்வுக் காலத்தில் உடம்புக்குள்

இன்சுலின் சுரந்ததும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை அள்ளிக்கொள்ளும் பெரிய கிடங்கு எலும்புத் தசை. தசை வேலை செய்யாவிட்டால் கிடங்கின் கதவு சில நாட்களிலேயே துரு ஏற ஆரம்பிக்கும். கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரந்து கதவைத் தள்ளிப் பார்க்கும். மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றும், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். நோய் எதிர்ப்பு மண்டலமே நிதானமிழந்து நிற்கும் ஒருவருக்கு, இதெல்லாம் எரிகிற அடுப்பில் விறகை வைப்பது போல.

நோய் வந்த தசையை நெருங்கிப் பார்த்தவர்களும் உண்டு. 1990-களில் கலிபோர்னியாவில் ஜேன் கென்ட்-பிரான் குழுவினர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களின் முன்னங்கால் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்து ஆராய்ந்தார்கள். தசை இழைகள் மற்றவர்களுடையதைவிட ஏறக்குறைய கால்வாசி சிறுத்திருந்தன. ஆக்சிஜனை வைத்து எரிசக்தி தயாரிக்கும் நொதியின் செயல்பாடு நன்றாகக் குறைந்திருந்தது. பயிற்சிக்குப்பின் தசையில் பாஸ்போகிரியாட்டின் என்ற அவசரகால எரிசக்திக் கையிருப்பு மறுபடி நிரம்பவும் கூடுதல் நேரம் பிடித்தது. நரம்பு நோய் தசைக்குள் இறங்கி மைட்டோகாண்ட்ரியாவைத் தேடித் தாக்கவில்லை. பயன்படாமல் கிடக்கும் எந்தத் தசையும் இப்படித்தான் ஆகும்.

சோர்வுக்கும் இதற்கும் உள்ள உறவை நோயாளிகளிடம் நான் குடும்பக் கணக்காகச் சொல்வது வழக்கம். இந்த நோயில் கால் விறைப்பாலும் தள்ளாட்டத்தாலும் ஒரே தூரத்தை நடக்க மற்றவர்களைவிட அதிக எரிசக்தி செலவாகிறது. விலைவாசி ஏறிவிட்டது. ஓய்விலேயே இருந்ததால் உடம்பின் உச்சத் திறன் இறங்கிவிட்டது. சம்பளமும் குறைந்துவிட்டது. இனிமேல் சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பதே மாதச் சம்பளத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். சோர்வு வராமல் என்ன செய்யும்? விலைவாசியை இறக்குவது நம் கையில் அதிகம் இல்லை. சம்பளத்தைக் கூட்டலாம், அதைத்தான் பயிற்சி செய்கிறது. நோயின் சோர்வு முழுவதையும் இந்தக் கணக்கு விளக்கிவிடாது. மூளைக்குள் இருந்தே வரும் சோர்வு ஒன்று தனியாக உண்டு. ஆனால் இந்தப் பங்கு நம்மால் மாற்றக்கூடிய பங்கு.

வளர்சிதை மாற்றம் கெட்டால் நரம்பு நோயும் வேகமெடுக்கிறதா? கனடாவின் ரூத் ஆன் மாரி குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வு என்னை அதிர வைத்தது. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், இதய நோய் போன்ற எதுவும் இல்லாதவர்களுக்கு, நோய் உறுதியானதிலிருந்து நடக்கத் துணை தேவைப்படும் நிலை வர இடைநிலையாக 18.8 வருடம் ஆனது. அவற்றில் ஏதாவது இருந்தவர்களுக்கு 12.8 வருடம். ஆறு வருடம் முன்னதாகவே கையில் கோல் வந்துவிடுகிறது. இது நேரடிக் காரணத்தை நிரூபிக்கும் வகை ஆய்வு இல்லைதான். ஆனாலும் படுக்கையில் கிடந்து சர்க்கரையும் கொழுப்பும் ஏறுவதை யாரும் இனி சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சைக்கிளில் ஏறியபின்

1970-களின் நடுவில் ஹியூகா தனக்குத்தானே ஒரு பயிற்சித் திட்டம் போட்டுக்கொண்டார். பதக்கக் காலத்து வேகம் திரும்பாது என்று அவருக்குத் தெரியும். இருக்கிற திறனுக்குள் தினமும் கொஞ்சம் என்பதுதான் திட்டம். அவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு நம் கையில் இல்லை. ஆனால் அப்படிப் பயிற்சி செய்யும் உடம்பில் என்ன நடக்கும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம்.

முதல் சில நிமிடங்களிலேயே ஒரு அற்புதம் நடக்கிறது. தசை சுருங்கும்போது குளுட்-4 என்ற சர்க்கரைக் கடத்திகள் செல்லின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வருகின்றன. இதற்கு இன்சுலின் தேவையில்லை. சுருங்கும்போது வெளிப்படும் கால்சியமும், எரிசக்தி குறைவதை உணரும் நொதியும் சேர்ந்து இதைச் செய்கின்றன. இன்சுலினுக்குத் திறக்காத கதவு, வேலைக்குத் திறக்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். அப்புறம் மங்கிவிடும். அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை வியர்க்க விறுவிறுக்க செய்வதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்வது மேல் என்கிறேன்.

வாரங்கள் போகும்போது தசை புதிய மைட்டோகாண்ட்ரியாவைக் கட்டுகிறது. ரத்தத்திலுள்ள கொழுப்பை எடுத்து எரிக்கும் வேலை கூடுகிறது, டிரைகிளிசரைடு இறங்குகிறது. சுருங்கும் தசை இன்டர்லூக்கின்-6 என்ற பொருளையும் ரத்தத்தில் விடுகிறது என்று கோபன்ஹேகனில் பென்ட்டே பெடர்சன் குழு காட்டியது. இந்தப் பெயரைக் கேட்டால் நோய் எதிர்ப்பு மருத்துவர்கள் முகம் சுளிப்பார்கள், அழற்சியின் தூதுவன் என்றுதான் அது பெயர் வாங்கியிருக்கிறது. ஆனால் தசையிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு மட்டும் பொங்கி வரும்போது அதன் பின்னாலேயே அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10 போன்றவை வருகின்றன. ஒரே ஆள்தான், வரும் இடமும் தங்கும் நேரமும் மாறினால் குணமும் மாறிவிடுகிறது.

ஹியூகா தன் அனுபவத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 1984-ல் கொலராடோவில் இந்த நோயாளிகளுக்காக ஒரு மையம் தொடங்கினார். பயிற்சி, உணவு, மனநலம், குடும்பம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் இடம். நோயாளிகள் பயிற்சி செய்யலாமா என்று மருத்துவ உலகம் இன்னும் தயங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

தயக்கத்தை உடைத்த முக்கியமான சோதனை 1996-ல் வெளிவந்தது. உட்டா பல்கலைக்கழகத்தில் ஜாக் பெட்டஜான் குழு 54 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் 15 வாரம், வாரத்துக்கு மூன்று முறை, 40 நிமிடம், கையாலும் காலாலும் மிதிக்கும் சைக்கிள் ஓட்டினார்கள். இன்னொரு பிரிவினர் வழக்கம்போல இருந்தார்கள். பயிற்சி செய்தவர்களின் ஆக்சிஜன் உச்சத் திறன் 22 சதவீதம் கூடியது. வேலை செய்யும் திறன் 48 சதவீதம் கூடியது. தோலடிக் கொழுப்பு குறைந்தது, டிரைகிளிசரைடு இறங்கியது, மனச்சோர்வும் கோபமும்கூடப் பயிற்சியின் நடு வாரங்களில் குறைந்தன. நரம்பியல் குறைபாட்டு மதிப்பெண் மட்டும் அசையவில்லை. நான் சொன்ன இரண்டு கணக்கும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நரம்பின் கணக்கு அப்படியே இருக்க, உடம்பின் கணக்கு திருந்தியது.

பயிற்சி நோயைத் தூண்டிவிடுமோ என்ற பழைய பயத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது. 26 சோதனைகளைச் சேர்த்து 2014-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அதன்படி பயிற்சி செய்தவர்களில் 4.6 சதவீதத்தினருக்கும் செய்யாதவர்களில் 6.3 சதவீதத்தினருக்கும் நோய் மறுபடி தாக்கியது.

எவ்வளவு கடினமாகச் செய்ய வேண்டும் என்பதில் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழகக் குழுவின் வேலை எனக்குப் பிடிக்கும். இந்த நோயாளிகளுக்குச் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்திருப்பதை அவர்கள் முதலில் காட்டினார்கள். அப்புறம் 24 வாரம் மிதமான பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தசைப் பலம் கூடியது, சர்க்கரைக் கணக்கு மட்டும் அசையவில்லை. பிறகு 12 வாரம் தீவிரமான இடைவெளிப் பயிற்சி, அதாவது கொஞ்ச நேரம் வேகம், கொஞ்ச நேரம் ஓய்வு என்று மாற்றி மாற்றிச் செய்ததில் சர்க்கரையும் திருந்தியது. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு மிதமான பயிற்சி எவ்வளவோ மேல். ஆனால் சர்க்கரைக்காகத்தான் செய்கிறோம் என்றால், முடிந்தவர்களுக்கு இதயம் நன்றாகத் துடிக்கும் அளவுக்குச் செய்ய வைக்க வேண்டும். நம்மில் பலர் பயந்து பயந்து கையைக் காலை ஆட்டவைத்து அனுப்பிவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

பயிற்சியால் முடியாதது

இதை மறைத்தால் நோயாளிக்குத் துரோகம். ஹியூகாவுக்கு நோய் நிற்கவில்லை. பிற்காலத்தில் சக்கர நாற்காலிக்கு வந்தார். நோயின் போக்கையே மாற்றக்கூடிய முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1993-ல்தான். அவருக்கு நோய் வந்து கால் நூற்றாண்டு கழித்து. இன்றைக்கு இருக்கும் மருந்துகள் அன்று இருந்திருந்தால் என்ற எண்ணம் வராமல் இல்லை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் 24 வாரம் கடுமையான பயிற்சி கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். உடல் திறன் கூடியது, மூளை சுருங்கும் வேகத்தில் மாற்றம் இல்லை. எனவே மருந்துக்குப் பதிலாகப் பயிற்சி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்து நரம்பின் கணக்குக்கு, பயிற்சி உடம்பின் கணக்குக்கு. நோய் திடீரென்று தாக்கி, ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டிருக்கும் நாட்களில் ஓய்வு வேண்டும்தான். அந்த ஓய்வுக்கு ஒரு முடிவு தேதி இருக்க வேண்டும், அவ்வளவே.

மற்ற தன்னெதிர்ப்பு நரம்பு நோய்களைப் பற்றியும் கேட்பீர்கள். மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் நரம்பும் தசையும் சந்திக்கும் இடம் தாக்கப்படுகிறது, செய்யச் செய்யத் தசை தளரும். அங்கே பயம் இன்னும் நியாயமானது. ஆனாலும் நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஸ்வீடனின் உப்சாலாவில் 12 வாரம் மேற்பார்வையோடு பயிற்சி கொடுத்தபோது நோய் மோசமாகவில்லை. வருடக்கணக்காக பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு, சர்க்கரையும் எடையும் ஏறி, தசை மெலிந்து வருபவர்கள் இவர்கள். அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை என்பது என் கருத்து. காலையில், மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால் கூடவே கூடாது.

மதுரையில் ஒரு வீடு

சூட்டால் அறிகுறி ஏறும் நோயை வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் வாழ்கிறவர்களுக்கு, ஊட்டோஃப் கவனித்த விஷயம் அன்றாடம். நான் போய்வரும் ஒரு வீட்டில் ஹால் நடுவே கட்டில் போட்டிருந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே. தண்ணீர், மாத்திரை, ரிமோட், போன் சார்ஜர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். மகளுக்கு முப்பதுகளில் வயது. கட்டிலை விட்டு இறங்க வேண்டிய தேவையே வராமல் அம்மா பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்.

“தம்பி, சைக்கிள் எல்லாம் வேண்டாம். போன தடவை மாடிப்படி ஏறிட்டு கண்ணே தெரியலைன்னு அழுதுட்டா. அலட்டக் கூடாதுன்னுதான் எங்ககிட்ட சொல்லியிருக்காங்க.”

“எத்தனை மணிக்கு ஏறினாங்கம்மா?”

“மத்தியானம். துணி எடுக்கப் போனா.”

மே மாதம், மத்தியானம், மொட்டை மாடி. நான் அந்த அம்மாவிடம் ஹியூகாவைப் பற்றியோ குளுட்-4 பற்றியோ பேசவில்லை. ஒரு வாளியில் குளிர்ந்த தண்ணீர் கேட்டேன். பயிற்சிக்கு முன்பு அரை மணி நேரம் இடுப்புவரை குளிர்ந்த நீரில் உட்கார வைத்தால் உடம்புச் சூடு ஏறுவது குறைகிறது என்று அதே உட்டா குழு 2000-ல் காட்டியிருக்கிறது. தொட்டிக்கு எங்கே போவது? கால் இரண்டையும் வாளியில் வைத்து, கழுத்தில் ஈரத்துண்டு போட்டு, பத்து நிமிடம் உட்கார வைத்தேன். அப்புறம் ஐந்து நிமிடம் சைக்கிள். கண் மங்குகிறதா என்று நிமிடத்துக்கொரு தடவை அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கொஞ்சம் மங்கியது. நிறுத்தினோம். துண்டை மறுபடி நனைத்துப் போட்டோம். சுவர் காலண்டரில் உள்ள தேதியைப் படிக்கச் சொன்னேன். முதலில் கட்டம் மட்டும் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் தேதி தெரிந்தது, பிறகு அதன் கீழே பொடி எழுத்தில் இருந்த நட்சத்திரமும் தெரிந்தது. மகள் வாய்விட்டுப் படித்ததும் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

போன பார்வை திரும்பி வரும் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மற்றதெல்லாம் எளிதாகிவிட்டது. விடியற்காலையில், ஊர் சூடாவதற்கு முன்பு, வாரத்துக்கு மூன்று நாள். ஐந்து நிமிடம் எட்டாகி, பத்தாகி, நடுவில் ஒரு நிமிட வேகமும் சேர்ந்தது. வயது வந்தோருக்கு வாரம் 150 நிமிடம் என்பது அமெரிக்கத் தேசிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை. அங்கே போக இன்னும் தூரம் இருக்கிறது, அவசரம் இல்லை.

ஸ்டீக்லரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. இன்ஸ்ப்ரக்கில் தங்கம் வென்ற அவர் பிறகு அமெரிக்காவுக்கே போய் ஜாக்சன் ஹோலில் பனிச்சறுக்குப் பள்ளியை நெடுங்காலம் நடத்தினார். 1993-ல் அவருக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தெரியவந்தது. ஒரே மேடையில் நின்ற மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஒரே நோய். தற்செயல்தான். ஆனால் 1970-ல் வந்தவருக்கு ஓய்வெடு என்று சொன்னார்கள். 1993-ல் வந்தவருக்கு முன்னால், அப்படி ஓய்வெடுத்துப் பார்த்து எழுந்து வந்த பழைய போட்டியாளர் ஒருவர் இருந்தார்.

ஹியூகா 2010 பிப்ரவரி 8 அன்று, 66 வயதில் கொலராடோவில் இறந்தார். பதக்கம் வாங்கி அன்றோடு சரியாக 46 வருடம். அவர் தொடங்கிய மையம் பெயர் மாறி இன்றும் நடக்கிறது.

மதுரை வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். கட்டில் உள்ளறைக்குப் போய்விட்டது. மின்விசிறிக்கு நேர் கீழே இப்போது சைக்கிள் நிற்கிறது. அம்மா வாசல்படியில் உட்கார்ந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.